பிள்ளைகளுக்கு ஓவியம் வழியாகச் சாக்லேட் வரலாறு: வகுப்பெடுக்க நினைப்பவர்களுக்கு

சாக்லேட்டின் வரலாற்றை ஓவியம் வழியாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நினைக்கிறீர்களா? முதல் வேலையாகச் சாக்லேட் வாங்கிவிடாதீர்கள். படங்களைத் தேடுங்கள். மேசையில் சாக்லேட் இருந்தால் ஒரு பிள்ளையும் படத்தைப் பார்க்காது. அது கடைசி வகுப்பில், கடைசிக் கால் மணி நேரத்தில் வந்தால் போதும்.

கோடை விடுமுறையில் ஒரு நூலகத்திலும், அப்புறம் சில பள்ளிகளிலும் இந்த வகுப்பை நடத்தினேன். தொடங்கும்போது தமிழில் குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை உருக்கிய சாக்லேட்டைக் கையில் கொடுத்துத் தீட்டச் சொல்லும் விளையாட்டுகள். பிள்ளைகள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள், ஒன்றும் தெரிந்துகொண்டிருக்க மாட்டார்கள். அதனால் எந்தப் படம், என்ன கடிதம், எவ்வளவு பணம், எத்தனை நாள் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். 8 முதல் 13 வயதுப் பிள்ளைகள் 20 பேர், வாரம் ஒன்றாக நான்கு வகுப்பு, ஒவ்வொன்றும் 90 நிமிடம் என்பது என் கணக்கு. ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பார்கள். சேர்த்தால் அவர்களுக்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டும்.

1. நான்கு படங்களோடு நிறுத்துங்கள்

ஐயாயிரம் ஆண்டுக் கதையை முழுசாகச் சொல்ல ஆசை வரும். வேண்டாம். வகுப்புக்கு ஒரு படம் போதும். நான் வைத்துக்கொண்ட நான்கு இவை.

முதலாவது, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கும், குவாத்தமாலா, தெற்கு மெக்சிகோ பக்கத்துப் பழங்குடிகளான மாயர் செய்த கோப்பை. கி.பி. 670-750 காலத்தது. 'பிரின்ஸ்டன் குவளை' என்றே பெயர். இரண்டாவது, ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ள மெண்டோசா சுவடியின் ஒரு பக்கம். ஸ்பானியர் மெக்சிகோவைப் பிடித்து இருபது ஆண்டு கழித்து, 1541 வாக்கில், அந்நாட்டு ஓவியர்கள் வரைந்தது. மூன்றாவது, பார்சிலோனாவின் வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓட்டுச் சித்திரம் (வண்ணம் தீட்டிய சுவர் ஓடுகளைச் சேர்த்துச் செய்தது), 'லா சொகொலாதாதா'. 1710-இல் செய்தது. நான்காவது, கானா நாட்டுத் தச்சர் கானே குவெய் 1970 வாக்கில் கோகோ காய் வடிவில் செய்த சவப்பெட்டி. இப்போது சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சவப்பெட்டியா என்று முகம் சுளிக்காதீர்கள். நான்கில் பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்பது அதைப் பற்றித்தான்.

இந்த நான்கையும் எடுத்ததற்குக் காரணம் உண்டு. முதல் மூன்று படங்களிலும் சாக்லேட் குடிக்கிற பொருள். எங்கேயும் யாரும் கடித்துத் தின்னவில்லை. கடிக்கும் சாக்லேட் கட்டியை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஃப்ரை கம்பெனி செய்தது 1847-இல்தான். அதை நீங்களாகச் சொல்லிவிடாமல் பொறுத்திருந்தால், மூன்றாம் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை, 'எல்லாரும் குடிச்சிட்டே இருக்காங்களே, சாக்லேட் எங்கே?' என்று கேட்கும். இத்தனை ஏற்பாடும் அந்தக் கேள்விக்காகத்தான்.

2. படங்களை எடுப்பதும் அச்சடிப்பதும்

தேடுபொறியில் 'அஸ்டெக் சாக்லேட்' என்று போட்டு வருகிற படத்தை எடுக்காதீர்கள். கணினி உருவாக்கிய போலிப் படங்கள் இப்போது ஏராளம். மாயர் படத்துக்கு அஸ்டெக் என்றும், அஸ்டெக் கல்லுக்கு மாயர் என்றும் பெயர் போட்டிருப்பார்கள். இரண்டும் வேறு மக்கள், வேறு காலம். பிரின்ஸ்டன் குவளை செய்து ஆறு நூற்றாண்டு கழித்துத்தான், 1325 வாக்கில், மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் மக்களின் தலைநகரமான டெனோச்டிட்லான் எழுந்தது.

நேரே அருங்காட்சியகத் தளங்களுக்குப் போங்கள். குவளை, பிரின்ஸ்டன் தளத்தில் இருக்கிறது. வட்டமாகச் சுற்றியிருக்கும் ஓவியத்தை நீளவாக்கில் விரித்துக் காட்டும் படமும் உண்டு. மாயர் கலங்களின் படத்தொகுப்பில் அதன் எண் கே511. மெண்டோசா சுவடியை மெக்சிகோவின் தேசிய மானுடவியல், வரலாற்று நிறுவனம் முழுவதுமாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் 47-ஆம் ஏட்டின் முன்பக்கம் உங்களுக்கு வேண்டியது. கூடுதலாக வேண்டுமென்றால், அஸ்டெக் மக்களின் வாழ்க்கையைப் பற்றி ஸ்பானியப் பாதிரியார் சஹகுன் தொகுத்த ஃப்ளாரன்டைன் சுவடியை 2023 முதல் கெட்டி ஆய்வு நிறுவனம் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது.

உரிமை விஷயம்: பழைய ஓவியத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, ஆனால் அதைப் படம்பிடித்தவருக்கு உரிமை இருக்கலாம். வகுப்பில் பாடம் நடத்தப் படியெடுக்க, இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு ஆசிரியருக்கு இடம் தருகிறது. துண்டறிக்கையிலோ விளம்பரத்திலோ அதே படத்தைப் போடுவது வேறு கதை. அதற்குப் பிள்ளைகள் வரைந்ததைப் போட்டுக்கொள்ளுங்கள். கானே குவெய் காலமானது 1992-இல்தான், ஆகவே அவருடைய வேலையின் படம் வகுப்பறைக்கு வெளியே போக வேண்டாம்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. பிரின்ஸ்டன் குவளையின் ஒரு பக்கத்தில் அரண்மனைக் காட்சி. மறுபக்கத்தில் முகமூடி போட்ட இருவர், கட்டிப் போட்ட ஒருவரின் தலையை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். விரித்த படத்தை அப்படியே அச்சடித்தால் இரண்டும் சேர்ந்து வரும். வலது பக்கத்தை மட்டும் வெட்டியெடுத்து அச்சுக்குக் கொடுங்கள். அங்கே சிம்மாசனத்தில் முதிய தேவன் ஒருவன், சுற்றி ஐந்து பெண்கள். சிம்மாசனத்துக்குக் கீழே முயல் ஒன்று உட்கார்ந்து மடிப்புப் புத்தகத்தில் எழுதுகிறது. வலக்கோடியில் நிற்கும் பெண் உயரத்திலிருந்து ஒரு கோப்பையை ஊற்றுகிறாள். இன்னொரு பெண் பக்கத்திலிருப்பவளின் காலைத் தட்டி எதையோ பார்க்கச் சொல்கிறாள். அவள் காட்டுவது அந்த மறுபக்கத்தைத்தான். 12 வயதுக்கு மேல் என்றால் அதையும் காட்டலாம், அது உங்கள் முடிவு. ஆனால் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இதே காரணத்தால் மாயர்களின் மாட்ரிட் சுவடியின் கோகோ பக்கத்தை நான் தொடவில்லை. தெய்வங்கள் காதைக் குத்திக் காய்மேல் இரத்தம் சொட்டவிடும் படம் அது.

அச்சு ஏ3 அளவில், நான்கு பேருக்கு ஒரு பிரதி. பளபளப்புத் தாள் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டு ஒன்றும் தெரியாது. ஒரு பிரதி மட்டும் அடித்து நிறம் பார்த்தபின் மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் 'கொஞ்சம் பிரைட் பண்ணிட்டேன்' என்று நல்லெண்ணத்தில் செய்த காரியத்தில், குவளையின் மங்கலான பழுப்பு முழுக்க ஆரஞ்சாகிவிட்ட அனுபவம் எனக்கு உண்டு.

3. கடிதங்கள்

ஆறு வாரம் முன்னதாக ஆரம்பியுங்கள். வேலை இழுப்பது இங்கேதான்.

அ) நடத்தும் இடத்தின் அனுமதி. தனியார் பள்ளி என்றால் முதல்வருக்கு ஒரு கடிதம், நான்கு வகுப்பின் சுருக்கம் ஒரு பக்கம், உங்கள் அடையாள அட்டை நகல். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர் 'தாராளமா வாங்க' என்று சொன்னாலும் அதோடு கிளம்பிவிடாதீர்கள். வெளியாள் வந்து நிகழ்ச்சி நடத்த முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்து அனுமதி கேட்பார்கள். விண்ணப்பத்தைத் தலைமையாசிரியர் வழியாக அனுப்புவதே நல்லது. நூலகம் என்றால் நூலகரிடம் பேசி, மாவட்ட நூலக அலுவலர் பெயருக்கு எழுதுங்கள். எதைக் கொடுத்தாலும் இன்னொரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகத்தில் என் கடிதம் வாரக்கணக்கில் கிடந்தது. இணைப்பு ஒன்று குறைகிறது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. நகலும் தேதியும் கையில் இருந்ததால்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் தப்பித்தேன்.

ஆ) பெற்றோர் ஒப்புதல். ஒரே தாளில் நான்கு கேள்வி போதும். பால், நிலக்கடலை, முந்திரி, பாதாம், சோயா இவற்றில் ஏதாவது ஒவ்வாமை உண்டா? பிள்ளை சாக்லேட் சுவைக்கலாமா? படம் எடுக்கலாமா, எடுத்தால் எங்கே பகிரலாம்? அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எது? ஒவ்வாமைக் கேள்விக்கு 'ஆம் / இல்லை' என்று கட்டம் போடாதீர்கள். அவசரத்தில் 'இல்லை'யில் டிக் அடித்துவிடுவார்கள். 'எந்த உணவு ஒத்துக்கொள்ளாது?' என்று கேட்டு, எழுத இடம் விடுங்கள். வாட்ஸ்அப்பில் 'ஓகே' என்று வருவதை ஒப்புதலாக எடுக்க வேண்டாம். கையெழுத்திட்ட தாள் வராத பிள்ளை வரையலாம், சுவைக்கக் கூடாது. கண்டிப்பாக இருங்கள்.

இ) பாடச் சுருக்கம். பெற்றோருக்கும் பள்ளிக்கும் ஒரே சுருக்கம். சவப்பெட்டி, அடிமைமுறை, குழந்தைத் தொழில் மூன்றும் பேச்சில் வரும் என்று அதில் எழுதிவிடுங்கள். முன்னால் சொன்னால் யாரும் ஆட்சேபிப்பதில்லை. பின்னால் பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னால்தான் தொலைபேசி அடிக்கும்.

4. பொருள்களும் செலவும்

20 பிள்ளைகளுக்கு நான்கு வகுப்புக்கும் சேர்த்து எனக்கு ஏறக்குறைய ரூ.3,000 ஆனது, அதாவது தலைக்கு ரூ.150. ஏ3 பிரதிகள் ரூ.600. நீர்வண்ணத்துக்கான தடித்த தாள் ரூ.400. இனிப்பில்லாத கோகோ தூள் ரூ.200-250. போஸ்டர் வண்ணம் ரூ.300. அட்டை, பழுப்புத் தாள், பசை ரூ.250. மண்பாண்டம் செய்பவரிடம் வாங்கிய களிமண், மைதா, பேப்பர் கப் எல்லாம் சேர்த்து ரூ.350. சுவைக்கும் சாக்லேட் ரூ.400. கோகோ காய் கொண்டுவரும் செலவு ரூ.300. தூரிகையைப் பிள்ளைகளே கொண்டுவரட்டும். உங்கள் ஊரில் இது கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

கோகோ தூள் வாங்கும்போது கவனியுங்கள். பாலில் கலக்கும் சாக்லேட் தூள் வேறு, கோகோ தூள் வேறு. முதலாவதில் பாதிக்கு மேல் சர்க்கரை. அதை வைத்துத் தீட்டிய படம் காயவே காயாது, மறுநாள் எறும்பு தூக்கிக்கொண்டு போகும். உறையின் பின்னால் சேர்பொருள் பட்டியலில் கோகோ மட்டும் இருக்க வேண்டும், அல்லது கோகோவோடு அமிலச் சீராக்கி ஒன்று. அமிலச் சீராக்கி இருந்தால் அது காரப்பொருள் (அமிலத்தைத் தணிப்பது, மிளகாய்க் காரம் அல்ல) சேர்த்துப் பதப்படுத்திய தூள், நிறம் கறுப்பாக வரும். இல்லாதது செம்பழுப்பு. இரண்டிலும் ஒவ்வொரு பொட்டலம் வாங்கினால் இரண்டு நிறம் கிடைத்தது. கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுத்துத் தூளாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது ஆம்ஸ்டர்டாமின் வான் ஹூட்டன் குடும்பம், 1828-இல். மூன்றாம் வகுப்பில் அந்தப் பொட்டலங்களையே காட்டிச் சொல்லலாம்.

வண்ணம் கலக்கும் விதம்: ஒரு ஸ்பூன் தூளில் முதலில் அரை ஸ்பூன் வெந்நீர் விட்டுக் குழையுங்கள். கட்டி உடைந்தபின் மேலும் ஒன்றரை ஸ்பூன் விட்டால் அடர்நிறம், நான்கு ஸ்பூன் விட்டால் வெளிர்நிறம். மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாகக் கொட்டினால் தூள் மேலே மிதக்கும். காய்ந்தபின் உதிராமல் இருக்க இரண்டு சொட்டுக் கோந்து சேருங்கள். கோந்து சேர்த்த கிண்ணம் தின்பதற்கு இல்லை என்று சொல்லியே கொடுங்கள். அன்றன்றைக்குக் கலக்குங்கள். மிச்சம் வைத்தால் இரண்டு நாளில் பூஞ்சை.

கோகோ காய்க்கு இன்னொரு ஏற்பாடு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கோகோவை ஊடுபயிராக வளர்க்கிறார்கள். தெரிந்தவர் யாராவது இருந்தால் மூன்று நான்கு காய் கேட்டு வாங்குங்கள். பறித்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், அதனால் நான்காம் வகுப்புக்கு இரண்டு நாள் முன்னால் பறிக்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, வகுப்பு நின்றுவிடாது. ஆனால் கிடைத்தால் அதற்கு ஈடே இல்லை.

எப்போது நடத்துவது? மே மாதம்தான் எல்லாரும் கேட்பார்கள். சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். நம் ஊர் மே மாதத்தில் அது உறைக்குள்ளேயே கூழாகிவிடும். கோடையில் நடத்துவதென்றால் காலை 9 மணிக்கே வையுங்கள், சுவைக்கும் சாக்லேட் குளிர்பெட்டியில் வரட்டும். காலாண்டு விடுமுறை இன்னும் வசதி. நான்கு நாள் தொடர்ச்சியாக நடத்தச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். களிமண்ணும் காகிதக்கூழும் காய நாள் வேண்டும்.

5. முதல் வகுப்பு: நுரை

வாய் திறக்காமல் குவளைப் படத்தைக் கொடுத்து ஐந்து நிமிடம் பார்க்கவிடுங்கள். முயலை முதலில் கண்டுபிடிப்பார்கள். அதைப் பற்றியே கொஞ்சம் பேசட்டும். அப்புறம் வலக்கோடிப் பெண்ணைக் காட்டி, 'இவங்க என்ன பண்றாங்க?' என்று கேளுங்கள். டீக்கடையில் ஆற்றுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அந்தப் பெண் ஆற்றுவது கோகோ, எதற்கென்றால் நுரைக்காக. மாயர்களுக்கும் பின்னால் வந்த அஸ்டெக் மக்களுக்கும் நுரைதான் உசத்தி.

அடுத்து அதைச் செய்து பார்ப்பது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு ஸ்பூன் கோகோ தூள், சிட்டிகை மிளகாய்த்தூள். சர்க்கரை கிடையாது. டவராவும் டம்ளருமாக இரண்டு பேருக்கு ஒரு ஜோடி, கீழே பழைய செய்தித்தாள். கைக்கெட்டும் உயரம்வரை தூக்கி ஆற்றச் சொல்லுங்கள். நிறையச் சிந்தும், வரும் நுரை கொஞ்சம்தான். அந்தக் காலத்தில் இது எவ்வளவு வேலை என்பது அதிலேயே புரிந்துவிடும். ஒப்புதல் தாள் வந்த பிள்ளைகள் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கலாம். முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே!

மிச்சம் 50 நிமிடம் வரைவதற்கு. நீளத் தாள் ஒன்றில் கோகோ வண்ணத்தால் ஒரு காட்சி: ஆற்றுகிறவர், குடிக்கிறவர், எழுதுகிற ஒரு பிராணி. மேல்விளிம்பில் அரை அங்குலப் பட்டை விட்டு, கோப்பை யாருடையது என்று தமிழில் எழுதச் சொல்லுங்கள். குவளையின் விளிம்பிலும் அதுதான் எழுதியிருக்கிறது: கோகோ குடிக்கும் கோப்பை, உடையவர் முவான் குக் என்னும் பிரபு. காய்ந்தபின் தாளைப் பழைய டப்பாவைச் சுற்றி ஒட்டினால் கோப்பை தயார்.

இங்கே ஒரு கேள்வி நிச்சயம் வரும்: மாயர் எல்லாரும் எங்கே போனார்கள்? எங்கேயும் போகவில்லை. குவாத்தமாலாவிலும் தெற்கு மெக்சிகோவிலும் இன்றும் லட்சக்கணக்கான மாயர் இருக்கிறார்கள், தங்கள் மொழிகளைப் பேசுகிறார்கள். இறகுக் கிரீடம், முகத்தில் சாயம் என்று பிள்ளைகளை வேடம் கட்டவிட வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். பள்ளிகளில் முதலில் கேட்பதே அந்த வேடத்தைத்தான், படம் நன்றாக வருமாம்.

6. இரண்டாம் வகுப்பு: வரியும் கள்ளக்காசும்

நான்கில் எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு இது. கணக்கு டீச்சரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மெண்டோசா சுவடியின் அந்தப் பக்கம் ஒரு வரிப் பட்டியல். சொகொனோச்கோ என்னும் கோகோ விளையும் பகுதி அஸ்டெக் அரசுக்குக் கட்டிய கப்பம்: 200 சுமை கோகோ, 40 ஜாகுவார் (அமெரிக்கக் காட்டுச் சிறுத்தை) தோல், நீலப் பறவைத் தோல்கள், இறகுக் கட்டுகள், கோகோ குடிக்க 800 கிண்ணங்கள். எல்லாம் படமாகவே இருக்கும். கொடி வரைந்திருந்தால் 20. இறகு போன்ற குறி 400. பை 8,000. பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து எண்ணட்டும். ஒரு சுமைக்கு 24,000 கொட்டை என்பது கணக்கு. 200 சுமைக்கு எவ்வளவு? 48 லட்சம் என்று பலகையில் எழுதும்போது வகுப்பே ஒரு நிமிடம் வாயடைத்து நிற்கும்.

கொட்டைதான் அங்கே சில்லறைக் காசும். 1545-இல் ட்லாஸ்கலா ஊரில் எழுதிய விலைப்பட்டியல் ஒன்று இருக்கிறது: பெட்டை வான்கோழிக்கு 100 நல்ல கொட்டை, வான்கோழி முட்டைக்கு 3, அப்போது பறித்த வெண்ணெய்ப்பழம் 3, பெரிய தக்காளி 1. இதைப் பலகையில் எழுதிச் சந்தை வையுங்கள். காசுக்குப் புளியங்கொட்டை. வீடுகளிலிருந்து ஒரு வாரம் முன்பே சேர்க்கச் சொன்னால் காசு செலவில்லை. ஆளுக்கு 30 கொட்டை. பண்டங்களைப் பிள்ளைகளே அட்டையில் வரைந்து வெட்டி வைக்கட்டும்.

சந்தை சூடு பிடித்ததும் இதைச் சொல்லுங்கள்: அந்தக் காலத்திலேயே கள்ளக் கொட்டை செய்தார்கள். கீரைவிதை மாவு, மெழுகு, வெண்ணெய்ப்பழக் கொட்டை இவற்றால் போலி செய்யும் வியாபாரிகளைப் பற்றிச் சஹகுன் எழுதி வைத்திருக்கிறார். உடனே ஒரு குழுவுக்குக் களிமண்ணைக் கொடுத்துப் போலிப் புளியங்கொட்டை செய்யச் சொல்லுங்கள், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கோகோ வண்ணம் பூசினால் அசல் போலவே வரும். அவர்கள் நாளெல்லாம் செய்த சிற்ப வேலையில் இதுதான் ஆக நுணுக்கமாக இருக்கும்.

கடைசி அரை மணியில் பழுப்புத் தாளை விசிறி மடிப்பாக மடித்து, அன்று வாங்கி விற்றதைக் கொடி, இறகு, பைக் குறிகளோடு வரைந்து ஒரு சுவடி. நேரம் போதாது. மிச்சத்தை வீட்டில் முடிக்கட்டும்.

இந்த வகுப்பில் தவிர்க்க வேண்டியது, 'அஸ்டெக் அரசர் மாண்டெசுமா தினம் 50 கோப்பை குடித்தார்' என்ற கதை. ஸ்பானியப் படைவீரர் பெர்னால் டியாஸ், நுரை பொங்கும் 50 பெரிய ஜாடிகள் விருந்தில் வந்ததைப் பற்றித்தான் எழுதினார். எல்லாவற்றையும் அரசர் ஒருவரே குடித்தார் என்று சொல்லவில்லை.

7. மூன்றாம் வகுப்பு: ஓட்டுச் சித்திரம்

இதைச் சுருக்கமாகவே வையுங்கள். 1544-இல் குவாத்தமாலாவின் கெக்சி மாயர் தூதுக் குழு ஸ்பெயின் இளவரசர் பிலிப்பைப் பார்க்கப் போனபோது கோகோ பானமும் கொண்டுபோனது. ஐரோப்பாவில் சாக்லேட் வந்ததற்கு எழுத்தில் கிடைக்கும் பழைய சான்று அது. அங்கிருந்து 1710-க்குத் தாவிவிடலாம். தோட்டத்தில் விருந்து, சீமாட்டிகளுக்கு மண்டியிட்டுக் கோப்பை நீட்டும் கனவான்கள், ஒரு பக்கம் வேலையாட்கள் மத்துக்கட்டையை உள்ளங்கையில் உருட்டி நுரை எழுப்புகிறார்கள். ஆற்றுவது போய் மத்து வந்துவிட்டது, சர்க்கரையும் வந்துவிட்டது.

15 சென்டிமீட்டர் சதுர அட்டை ஆளுக்கொன்று. முழுச் சித்திரத்தின் கோட்டோவியத்தை நீங்கள் முன்பே 20 சதுரமாக வெட்டிப் பின்னால் எண் போட்டு வைத்திருக்க வேண்டும். நீலம், மஞ்சள், பச்சை மட்டும். ஒட்டிச் சேர்க்கும்போது கோடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. விட்டுவிடுங்கள், அழகாகவே இருக்கும்.

பெரிய பிள்ளைகளிடம் ஒரு கேள்வி: இந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? படத்தில் யார் இல்லை? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுபோகப்பட்டு, கரீபியன் தீவுகளிலும் பிரேசிலிலும் கரும்பு வெட்டியவர்கள் இந்தத் தோட்டத்தில் இல்லை. விருப்பமிருந்தால் அட்டையின் பின்பக்கத்தில் அவர்களை வரையட்டும். கட்டாயப்படுத்த வேண்டாம்.

8. நான்காம் வகுப்பு: காய்

கோகோ காய் கிடைத்திருந்தால் இன்று உடையுங்கள். கத்தி தேவையில்லை, மரக்கட்டையால் நடுவில் இரண்டு தட்டுத் தட்டினால் விரிந்துவிடும். உள்ளே வெள்ளைச் சதை, அதற்குள் வரிசையாகக் கொட்டை. சதை புளிப்பும் இனிப்புமாக இருக்கும், சாக்லேட்டின் வாசனையே வராது. கொட்டையைக் குறுக்கே வெட்டிக் காட்டுங்கள், ஊதா நிறம். இதைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்தால்தான் நாம் அறிந்த மணம் வரும் என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

அப்புறம் கானே குவெய். கானாவின் தலைநகர் அக்ராவை ஒட்டிய தேஷி என்னும் ஊரின் தச்சர். இறந்தவர் செய்த தொழிலின் வடிவிலேயே சவப்பெட்டி செய்யும் வழக்கம் அங்கே உண்டு: மீனவருக்கு மீன், கோகோ விவசாயிக்குக் காய். 1870களில் டெட்டே குவார்ஷி என்பவர் கானாவுக்குக் கோகோ விதை கொண்டுவந்தார். இன்று உலகக் கோகோவில் பாதிக்கு மேல் கானாவும் ஐவரி கோஸ்ட்டும் தருகின்றன. பிள்ளைகள் காகிதக்கூழில் ஆளுக்கொரு காய் செய்யட்டும். ஊதிய பலூன் மேல் மைதாப் பசையில் தோய்த்த செய்தித்தாள் இரண்டு அடுக்கு, நீளப் பள்ளங்களுக்கு முறுக்கிய காகிதக் கயிறு. கூழ் காய்ந்தபின்தான் வண்ணம் தீட்ட முடியும், ஆகவே காயை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும்.

10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு: இந்த இரண்டு நாடுகளிலும் 15 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கோகோ வேலை செய்கிறார்கள் என்று 2020-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு அமைப்பு கணக்கிட்டது. எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், பயமுறுத்தும் படங்கள் வேண்டாம். கூடவே காங்கோவின் லுசாங்கா ஊரில் தோட்டத் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்தும் சிற்பக் கூட்டமைப்பைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்கள் களிமண்ணில் செய்த உருவங்களைச் சாக்லேட்டில் வார்த்து வெளிநாடுகளில் விற்கிறார்கள், அந்தப் பணத்தில் நிலத்தைத் திரும்ப வாங்குகிறார்கள். 2024-இல் வெனிஸ் பியனாலே என்னும் உலகக் கலைக் கண்காட்சியில் நெதர்லாந்து அரங்கு அவர்களுடையதுதான்.

9. சுவைக்கும் கால் மணி

உறை பிரிக்காத சாக்லேட் மட்டும். ஊட்டியில் எடை போட்டுத் தரும் உதிரிச் சாக்லேட் வேண்டாம், அதில் சேர்பொருள் பட்டியல் இருக்காது. உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா, ஒவ்வாமைக் குறிப்பில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். கறுப்புச் சாக்லேட்டில் பால் இல்லை என்று நம்பிவிடாதீர்கள், பால் கலந்திருக்கலாம் என்று பலவற்றில் எழுதியிருக்கும். கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு போட்டது மலிவு, இந்த வகுப்புக்கு உதவாது. முன்கூட்டியே எண்ணித் துண்டு போட்டு வையுங்கள், ஆளுக்கு இரண்டு: ஒன்று கறுப்பு, ஒன்று பால் கலந்தது. பால் சாக்லேட்டைச் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் 1875-இல் செய்தார் என்பதை வாயில் போட்டபின் சொல்லுங்கள். மாலை வகுப்பில் சுவைக்க வைக்காதீர்கள். கோகோவில் கொஞ்சம் காஃபீனும் உண்டு, இரவு பத்து மணிக்குப் பெற்றோர் உங்களைத்தான் நினைப்பார்கள்.

10. முடிந்த பிறகு

கோகோவில் வரைந்த படங்களை மின்விசிறிக்கடியில் நன்றாகக் காயவைத்து, அப்புறம்தான் பிளாஸ்டிக் உறையில் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். கண்காட்சி வைப்பதென்றால் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம், சுவரிலிருந்து விரல் அளவு தள்ளி மாட்டுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் எந்த அருங்காட்சியகப் பொருளைப் பார்த்து வரைந்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பார்க்க வரும் பெற்றோர் அதைப் படித்துவிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள்.

ஒப்புதல் தாள்களையும் அனுமதிக் கடிதத்தையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள், அடுத்த பள்ளி கேட்கும்போது நகல் கொடுக்கலாம். மிச்சக் கோகோவையும் சாக்லேட் துண்டுகளையும் குப்பையில் திறந்து போடாமல் கட்டிப் போடுங்கள். அதிலுள்ள தியோப்ரோமின் என்னும் பொருள் நாய்களுக்கு விஷம், பள்ளி வாசலில் எப்போதும் இரண்டு மூன்று நாய் இருக்கும்.